நீலத்தின் மேல் ஒரு விரல்

"டீச்சர், இந்தக் காயிதத்துல சூர்யன் எந்தப் பக்கம் வரும்?"

முப்பது வருடம் சமூக அறிவியல் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னை இப்படிக் கேட்டதில்லை. வலது பக்கம் கிழக்கு என்றேன். சபிதா எங்கள் பால்கனியைப் பார்த்தாள். காலையில் வெயில் வருகிற பக்கம் அது. கூடத்துத் தரையில் கிடந்த இந்திய வரைபடத்தின் வலது ஓரம் பால்கனியைப் பார்க்கிற மாதிரி நகர்த்தி வைத்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்க்க, கன்னியாகுமரி மேலேயும் காஷ்மீர் கீழேயுமாக நாடு தலைகீழாகக் கிடந்தது.

சோபாவின் நுனியில் பாஸ்கர் சார் உட்கார்ந்திருந்தார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவர் கையில் இருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. குடிக்க மறந்துபோயிருந்தார்.

"உன் ஊர் எங்க இருக்கு, காட்டு" என்றேன்.

அவள் வங்காளம் வரை விரலால் நடந்துபோனாள். பிறகு கரையைத் தாண்டினாள். கடலோரமாக நான் நீலப் பென்சிலால் தீட்டியிருந்த பட்டையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள்.

"இங்க. நம்ம ஊர் இங்க."

"பாத்தீங்களா டீச்சர்?" பாஸ்கர் சார் டம்ளரை டீப்பாயில் வைத்தார். "கடல்ல கை வைக்கிறா. நான் அப்பவே சொன்னேன்ல?"

ஹாலில் நின்ற கண்

சென்ற வாரக் கட்டுரையை நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற நாளோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு எழுத என்ன இருக்கப்போகிறது என்று எனக்கே தோன்றியது. ஆனால் என்னுடைய உண்மையான பரீட்சை ஒன்று ஓய்வுக்குப் பிறகுதான் நடந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. பரீட்சை ஹாலில் வருடக்கணக்காகக் கண்காணிப்பாளராக நின்ற கண் இது. தும்முகிற பிள்ளையின் கைக்குட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால், டிரைவர் வழக்கமான வழியில்தான் போகிறாரா என்று மேடவாக்கம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வருவேன். எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார்: "உன்ன விட்டா கர்த்தர் வந்து கதவத் தட்டினாலும் ஐடி கார்டு கேப்ப."

கேட்கத்தான் செய்வேன். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு எத்தனை பேர் வருகிறார்கள்!

எங்கள் குடியிருப்பின் மேலேயும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது மேடவாக்கத்துக்குப் பின்னால், தாம்பரம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரில் ஒரு ஏரி வரும். விளம்பரத்தில் நீலத் தண்ணீரும் இரண்டு வாத்தும் இருந்தன. குடிவந்த நாள் முதல் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று அந்த ஏரியைத் தேடியிருக்கிறேன். தெரிவதெல்லாம் பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிதான். பில்டர் சும்மா பெயர் வைத்துவிட்டான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு ஊர்

சபிதாவுக்கு முப்பது வயது இருக்கலாம். எங்கள் பிளாக்கின் மாடிப்படிகளைப் பெருக்கித் துடைப்பாள். அது முடிந்ததும் என் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். புருஷன் கோபால் கேளம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். வாரம் ஒருமுறை வருவான். இருவரும் கன்னியப்பனின் வரிசை ரூம்களில் ஒன்றில் குடியிருந்தார்கள். கன்னியப்பன் இந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் போட்டவர்கள். இப்போது நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது, மிச்சமிருந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

அவள் மேல் சந்தேகம் கிளம்பியது ஒரு சின்ன விஷயத்தில்தான். கன்னியப்பனின் மனைவி கேட்டபோது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது மாடி அம்மா கேட்டபோது வேறொன்று. என்னிடம் சொன்னது மூன்றாவது. லிஃப்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்றும் இருந்தது. துர்கா பூஜை சமயத்தில் அக்கம்பக்கத்து வங்காளப் பையன்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு ஓடுவார்கள். இவள் மட்டும் போகமாட்டாள். ஒரு வருடமும் போனதில்லை. போகாதவளுக்கு ஊர் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாஸ்கர் சார் கேட்க ஆரம்பித்தார். எல்லைக்கு இந்தப் பக்கமா, பங்களாதேஷா?

ஆதார் கார்டு இருக்கிறதே என்றேன். "காசு குடுத்தா கார்டு கிடைக்கும் டீச்சர், உங்களுக்குத் தெரியாததா" என்றார். எனக்குத் தெரியாது. ஆனால் நானும் தலையை ஆட்டினேன். ஏனென்றால் எனக்கும் சந்தேகம் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நீங்க ஜாக்ரஃபி எடுத்தவங்க. நாங்க கேட்டா விசாரணை மாதிரி இருக்கும், நீங்க கேட்டா பேச்சு மாதிரி இருக்கும். ஒரு பத்து நிமிஷம் பேசிப் பாருங்க. சண்டே மீட்டிங்ல சொல்லிடுங்க."

கன்னியப்பன் என்னை வழியில் நிறுத்தினார். "நல்ல பொண்ணுதான் டீச்சர். ஆனா செகரெட்ரி சாரு போலீஸு கீலீஸுன்னு பேசிக்கினு கீறாரு. நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு? நாயித்துக்கெயம நீங்க சரின்னா இருக்கட்டும். இல்லன்னா ரூம்ப காலி பண்ணிக்கச் சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவளுடைய வேலையும் கூரையும் இருந்தன. இதற்கு முன் அவளும் புருஷனும் பம்மலில் இருந்த ரூமையும் இதே பேச்சு கிளம்பித்தான் காலி செய்திருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாலு கட்டம்

எந்த நாட்டைப் பற்றிப் பாடம் எடுத்தாலும் நான் கரும்பலகையில் நாலு கட்டம் போடுவேன். நிலம், மக்கள், தொழில், ஆட்சி. இந்தியாவோ நேபாளமோ பங்களாதேஷோ, எதுவானாலும் அந்த நாலு கட்டத்துக்குள் அடங்கிவிட வேண்டும். மலையும் ஆறும் முதல் கட்டத்தில். மொழியும் மதமும் இரண்டாவதில். நெல், சணல், துணி மூன்றாவதில். பாராளுமன்றம் கடைசியில். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், நான் மார்க் போடுவேன். எந்த நாட்டையும் நான் போய்ப் பார்த்ததில்லை. ரயிலில் விசாகப்பட்டினத்தைத் தாண்டியதில்லை.

கடலோரம் நீலம் தீட்டாத மேப்புக்கு என்னிடம் முழு மார்க் கிடையாது. அதுவும் ஒரு பிடிவாதம். நிலம் எங்கே முடிகிறது என்று தெரியாதவனுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்பேன். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஒரு அப்பா இதற்காகச் சண்டைக்கே வந்தார். அவர் மகனுக்கு அரை மார்க் போயிருந்தது. அந்த அரை மார்க்கை நான் கடைசி வரை கொடுக்கவில்லை.

அந்த நாலு கட்டத்தை வைத்துத்தான் அன்றைக்கு சபிதாவைக் கேட்டேன். பெரிய ஆறு எது? கங்கா என்றாள். என்ன விளையும்? தான், பான் என்றாள். நெல்லும் வெற்றிலையும். மாவட்டம், தலைநகரம், யார் ஆட்சி, எந்தச் சின்னம், எல்லாம் கேட்டேன். பாத்திரம் தேய்த்த ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

நான் பாஸ்கர் சாரைப் பார்த்தேன்.

"எல்லாம் கரெக்டா இருக்கே?" என்றார் அவர், ஏதோ இழப்பு நேர்ந்தவர் மாதிரி. "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க டீச்சர். நம்ம ஊர் வேலைக்கார அம்மாவக் கேட்டா இவ்ளோ கரெக்டா சொல்லுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. தப்பாகச் சொல்லியிருந்தால் வெளிநாட்டுக்காரி. சரியாகச் சொன்னால் மனப்பாடம் செய்த வெளிநாட்டுக்காரி. இப்படி ஒரு கேள்வித்தாளை நான் என் ஜென்மத்தில் தயாரித்ததில்லை. எவ்வளவு கறாரான வாத்தியாரும் பாஸாக ஒரு வழி வைத்திருப்பார்.

அதன் பிறகுதான் அலமாரியிலிருந்து மேப்பை எடுத்துவந்து தரையில் போட்டேன்.

ஆறு சாப்பிட்டது

அவள் விரல் நீலத்தின் மேலேயே இருந்தது.

"அது கடல் சபிதா" என்றேன்.

"ஆமா டீச்சர். இப்ப கடல்." முகம் மாறாமல் சொன்னாள். "முன்னால தீவு. நதி சாப்ட்டுச்சு. முதல்ல வெத்தல தோட்டம். அப்பறம் ஸ்கூல். அப்பறம் நம்ம வீடு. கவர்மென்ட் எல்லாரையும் வேற இடம் போகச் சொல்லிச்சு, போனோம். அங்கயும் தண்ணி வந்துச்சு. அப்பறம் மாமியார் ஊர்."

மூன்று ஊர்ப் பெயருக்கும் கணக்கு வந்துவிட்டது. ஒருத்தரிடம் பிறந்த தீவையும், இன்னொருத்தரிடம் குடியேற்றிய இடத்தையும், மற்றொருத்தரிடம் மாமியார் ஊரையும் சொல்லியிருக்கிறாள். யோசித்துப் பார்த்தேன். நானும் அப்படித்தானே? சர்ச்சில் யாராவது கேட்டால் பாளையங்கோட்டை என்பேன். பழைய மாணவர்கள் கேட்டால் தாம்பரம். கூரியர்காரனிடம் மேடவாக்கம். என்னை யாரும் லிஃப்ட் வாசலில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"பூஜைக்கு ஏன் ஊருக்குப் போறதில்ல?"

"எங்க போறது டீச்சர்?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

"கதை நல்லா இருக்கு" என்று பாஸ்கர் சார் எழுந்தார். "ஆனா மேப்புல ஊரைக் காட்ட முடியல. அதான் பாயிண்ட். இதை மட்டும் மீட்டிங்ல சொல்லுங்க போதும்."

அவர் போன பிறகு நான் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடத்தைப் பார்த்தேன். பக்கத்திலேயே நாட்டின் எல்லைக் கோடு கடலில் இறங்குகிறது. அந்த அளவு மேப்பில் கோட்டின் தடிமனுக்குள் ஒரு தீவென்ன, ஒரு தாலுகாவே காணாமல் போகும். அவள் விரல் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. விரலின் ஓரம் கோட்டின் மேல் இருந்தது. அவள் சொன்னதெல்லாம் உண்மையா? எனக்கு அன்றும் நிச்சயமாகத் தெரியாது. இன்றும் தெரியாது. ஆனால் நீலத்தைத் தொட்டதற்காக ஒருத்தியை ஃபெயில் ஆக்குவதா? எனக்குக் கோபம் வந்தது. இது சந்தேகப் பிராணிக்கு வருகிற கோபம். தன்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்படுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

துணி ஒட்டிய மேப்

பரண் மேல் ஒரு நீளச் சுருள் கிடந்தது. பள்ளியில் சுவரில் மாட்டியிருந்த வட்டாரப் படம், பின்பக்கம் துணி ஒட்டியது. புதுப் படங்கள் வந்தபோது பழையதைக் கழித்துக் கட்டினார்கள். எனக்கு மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். வந்த நாளிலிருந்து விரித்ததில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டுத் தும்மினார்.

"என்ன செய்யப்போற?"

"ரீவிஷன் டெஸ்ட்" என்றேன்.

ஞாயிறு கூட்டம் கீழ்த்தளத்து கார் நிறுத்தத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். சமோசா. கன்னியப்பன் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். சபிதாவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் படிக்கட்டுத் திருப்பத்தில் துடைப்பத்தோடு நின்றது எனக்கு மட்டும் தெரிந்தது.

பாஸ்கர் சார் முன்னுரை சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்.

"ஊரைக் காட்டச் சொன்னேன், தண்ணியில விரல் வெச்சா" என்றேன். அவர் எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். "அது தப்பா சரியான்னு எனக்கே ஒரு டவுட். அதனால சார், நீங்களும் ஒரு தடவ நம்ம வீட்டக் காட்டுங்க. சும்மா, ஒரு விளையாட்டுக்கு."

இரண்டு நாற்காலிகளின் முதுகில் மேப்பை விரித்து மாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். தாம்பரத்தைக் கண்டுபிடித்தார். சாலையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தார். அதற்கு மேல் தடுமாறினார். அந்தப் படத்தில் எங்கள் தெருக்கள் எதுவுமே கிடையாது.

கன்னியப்பன் தூணை விட்டு வந்தார். இந்த மாதிரி ஆள் உதவ வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் உதவுவதாக நினைத்து வரவுமில்லை. பழைய படத்தைப் பார்த்த சந்தோஷம், அவ்வளவுதான்.

"அத்தோ, பெருமாள் கோயிலு. அங்கேர்ந்து இப்புடி வா சார். இது கர. இது மதகு, இங்கேர்ந்துதான் எங்க வயலுக்குத் தண்ணி வுடுவாங்க. மதகுக்கு உள்பக்கம் வா, இன்னும் வா... ஆங். அங்கதான் சார் உன் வூடு கீது."

பாஸ்கர் சாரின் விரல் நின்ற இடம் நீலமாக இருந்தது. வெளிர் நீலம்கூட இல்லை, ஆழமான நீலம்.

விளம்பரத்தில் வந்த இரண்டு வாத்து எனக்கு ஞாபகம் வந்தது. பில்டர் சும்மா பெயர் வைக்கவில்லை.

"அப்ப நம்ம எல்லாரும் ஏரிக்குள்ளயா இருக்கோம்?" என்று முதல் மாடி அம்மா ஒருவர் கேட்டார். அவர் கையில் பாதி சமோசா இருந்தது.

"எங்க பட்டா நெலம் கரைக்கு இந்தாண்ட" என்றார் கன்னியப்பன் அவசரமாக. "கரைய யாரு இடிச்சாங்கன்னு என்னக் கேக்காதீங்க." அவரை யாரும் கேட்கவேயில்லை. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பாஸ்கர் சார் விரலை எடுத்தார். எடுத்து அதைச் சட்டையில் துடைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, அதுவரை நான் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், இந்த மேப்ப வேற யார்கிட்டயாவது காமிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"காமிக்க வேணாம். உள்ள வெச்சிடுங்க." நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். "இந்த ஊர் கீர் விசாரிக்கறதெல்லாம் நம்ம வேலை இல்லன்னு நினைக்கிறேன். யார் எங்கேர்ந்து வந்தா என்ன? அடுத்தது லிஃப்ட் மெயின்டனன்ஸ்."

எல்லாரும் உடனே லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இவ்வளவு ஒற்றுமையை அந்தச் சங்கத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் துடைப்பச் சத்தம் மறுபடி கேட்டது.

புது ஆள்

சபிதாவின் வேலை தப்பித்தது. ரூமும் தப்பித்தது. கன்னியப்பன் சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்துக் கொடுத்தார்.

ஆனால் சந்தேகம் வந்த பிறகு யார் மேலாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? என் மேல் உட்கார்ந்தது. அந்த மேப்பைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ரெவின்யூ ஆபீஸில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று பாஸ்கர் சாரின் மனைவி என்னிடமே சாடையாக விசாரித்தார். என் தம்பி மகன் ஃபைலும் கையுமாக வந்த அன்று, கேட்டில் அவனை ஏகப்பட்ட கேள்வி கேட்டு உள்ளே விட்டார்கள். அவன் கொண்டுவந்தது கல்யாணப் பத்திரிகை. நான் லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுபோகும்.

"இப்பத் தெரியுதா எப்படி இருக்கும்னு?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. எதுவும் செய்யாதபோதே திருடி மாதிரி நடக்க வைத்துவிடுகிறார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு காலை நேரம். கார் நிறுத்தத்தில் தண்ணீர் வந்திருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். நான் முதல் மாடித் திருப்பம் வரை இறங்கினேன். சாலை மேடாகவும் நாங்கள் பள்ளமாகவும் இருந்தோம். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. டயர்கள் மறைந்துவிட்டன. நாங்கள் கூட்டம் போட்ட இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மிதந்தன. பாஸ்கர் சார் பேன்ட்டை மடித்துக்கொண்டு தன் காரின் பக்கத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கார் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபிதா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். தன் செருப்பையும் துடைப்பத்தையும் எடுத்து மேல் படியில் வைத்திருந்தாள். கீழே வாசலில் கிடந்த கால்மிதியடி, செடித்தொட்டி எல்லாவற்றையும் மேலே ஏற்றியிருந்தாள். யாரும் சொல்லவில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்து தண்ணீர் இரண்டாவது படிக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். தண்ணீரில் சேறும் தாமரை இலையும் கலந்த மாதிரி ஒரு வாசனை இருந்தது. பாதாளச் சாக்கடை வாசனை இல்லை. ஏரியின் வாசனை.

சபிதா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பரீட்சை ஹாலில் எத்தனையோ பிள்ளைகளை நான் பார்த்த அதே பார்வை. அதை எனக்குத் தெரியாதா?

"டீச்சர்" என்றாள். "நீங்க எந்த ஊர்?"

"இதே ஊர்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை.